வாரியம் விரும்பிய பள்ளம்

மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளுக்கு அடுத்தபடியாக, மனித குலத்தின் வரலாற்றில் மிகப் பெரிய நாள் இன்றுதான் என்று குடிநீர் வாரியத் தலைவர் அறிவித்தார். அறிவித்த கையோடு தொண்டை கட்டிக்கொண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். வாரியத்தின் கட்டடத்தில் அன்று தண்ணீர் வரவில்லை. எதிர்க் கடைக்கு ஆள் அனுப்பி ஒரு பாட்டில் வாங்கி வந்தார்கள். குடித்துவிட்டுத் தலைவர் வரலாற்றைத் தொடர்ந்தார்.

அன்று முதல் வாரியத்தின் புகார் ஜன்னல்கள் எல்லாம் மூடப்படும், இனி எல்லாப் புகார்களும் சமூக ஊடகப் பக்கத்தில்தான் என்பதே அந்த வரலாறு. "முன்பெல்லாம் ஒருவர் வீட்டில் தண்ணீர் வராவிட்டால் அது அவருக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். இனி ஊருக்கே தெரியும். இதைவிட வெளிப்படையான நிர்வாகம் எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் புரட்சி நடந்த அடுத்த வாரம், நம் சலூன்காரர் கடைக்கு முன்னால் வாரியத்தின் ஆட்கள் வந்து ஒரு பள்ளம் தோண்டினார்கள்.

சின்னக் கடை. இரண்டு நாற்காலி, எதிரெதிரே இரண்டு கண்ணாடி, மூலையில் ஒரு ரேடியோ. தெருவிலிருந்து ஒரே படி. அந்தப் படியை ஒட்டித்தான் பள்ளம். அகலம் எப்படி என்றால், நீளக்கால் ஆசாமி தாண்டிவிடலாம், மற்றவர்கள் யோசிப்பார்கள். மேஸ்திரி ஒருவர், கடப்பாரையோடு நாலைந்து பேர், ஃபோனோடு ஒருவர். ஃபோன்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாக வியர்த்தார். தோண்டுவதைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்து, "பணிகள் மின்னல் வேகத்தில்" என்று எழுதி, வாரியத்தின் பக்கத்தில் ஸ்டோரியாகப் போட்டார். ஸ்டோரி என்பது ஒரு நாள் இருந்துவிட்டு மறைந்துவிடுகிற சங்கதி. மறுநாள் ஸ்டோரி மறைந்தது. கூடவே மேஸ்திரியும் ஆட்களும் மறைந்தார்கள்.

டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று சலூன்காரர் நினைத்தார். அவ்வளவு நேரம் யாரும் டீ குடிக்க மாட்டார்கள் என்பது அவருக்கு உறைக்கச் சில நாட்கள் ஆயின. பக்கத்துத் தெருவில் வேறொரு பள்ளத்தில் மேஸ்திரியைப் பிடித்தார்.

"என்ன மேஸ்திரி, நம்ம பள்ளத்தை அப்படியே விட்டுட்டு வந்துட்டீங்க."

"ஸ்டோரி போயிடுச்சுண்ணே."

"போனா?"

"ஸ்டோரி இருக்கிற வரைக்கும்தான் எங்களுக்கு ஆர்டர். அது மறைஞ்சா வேலை முடிஞ்சதா அர்த்தம். புது முறை."

"பள்ளம் அப்படியே இருக்கேய்யா."

"பள்ளம் இருக்கு. அதுக்கு ஸ்டோரி இல்லையே." மேஸ்திரி கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "மூடுறதுக்குன்னு தனியா ஒரு ஸ்டோரி போடச் சொல்லுங்க. ஓடி வந்துடறோம்."

பள்ளத்தில் எங்கிருந்தோ தண்ணீர் ஊறி, காப்பிக் கலரில் தேங்கியது. வாடிக்கையாளர்கள் அக்கரையில் நின்று சலூன்காரரைப் பார்த்துச் சிரித்தார்கள். "அப்புறமா வர்றேன்" என்றார்கள். அந்த அப்புறம் என்பது மெயின் ரோட்டில் இருந்த குளிர்சாதனக் கடை என்பது சலூன்காரருக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கடை அவருடைய சகலையுடையது.

சகலைக்குக் கண்ணாடிக் கதவு, சுழலும் நாற்காலி, சிப்பந்திகளுக்கு நெஞ்சில் கடைப் பெயர் போட்ட கறுப்பு டீ-ஷர்ட். கல்யாண வீடு, துக்க வீடு எங்கே பார்த்தாலும் சலூன்காரரின் தோளில் கை போட்டு, "நம்ம கடைதானே, வந்து உட்காருங்க" என்பார். உட்கார அல்ல, நிற்கத்தான் கூப்பிடுகிறார் என்பது இருவருக்கும் தெரியும். இத்தனை வருஷமாகச் சலூன்காரர் அந்தக் கையை மரியாதையாக எடுத்துவிட்டுக்கொண்டு வந்தார். இப்போது கையை எடுத்துவிட ஒரு கடை வேண்டியிருந்தது.

"அக்கா வீட்டுக்காரர் பேசினார்" என்றாள் மனைவி, சாப்பாடு போட்டுக்கொண்டே. "உங்க டீ-ஷர்ட் அளவு என்னன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"எக்ஸ்எல்னு சொன்னேன்."

"எனக்கு லார்ஜ்தான்."

"தோய்ச்சா சுருங்கும்."

சலூன்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்த மாசம் பார்ப்போம். அதுக்குள்ள பள்ளம் மூடலைன்னா சாவியைக் கட்டடக்காரர்கிட்ட கொடுத்துட்டு அங்க போயிடுங்க. நான் குத்திக் காட்ட மாட்டேன். எங்க அக்காதான் காட்டுவா."

மறுநாள் காலை சலூன்காரர் வாரிய அலுவலகத்தில் நின்றார். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். முன்பு மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்து புகார் வாங்கிய அம்மாவை ஊரே 'ஜன்னல் அம்மா' என்றுதான் கூப்பிடும். இப்போது அவர் அதே நாற்காலியில், அதே ஸ்வெட்டரோடு, 'சமூக உறவு மேலாளர்' என்ற பலகைக்குப் பின்னால் இருந்தார்.

"அம்மா, என் கடை முன்னாடி..."

ஜன்னல் அம்மா உள்ளங்கையைக் காட்டினார். "வாயால சொல்றதை நாங்க இப்போ எடுக்கிறதில்ல சார். மெசேஜ் பண்ணுங்க."

"நான்தான் எதிர்ல நிக்கிறேனே."

"அது உங்க வசதி. நாங்க ஆன்லைன்ல இருக்கோம்."

சலூன்காரர் ஃபோனை எடுத்து, கத்தரிக்கோல் பிடிக்கிற விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தி, பள்ளத்தின் படத்தையும் சேர்த்து, ஊரே பார்க்கிற வாரியப் பக்கத்துக்கு அனுப்பினார். மேஜைமேல் இருந்த ஃபோன் சிணுங்கியது. ஜன்னல் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சலூன்காரரின் ஃபோனில் இரண்டு குறிகள் நீலமாயின.

"பார்த்துட்டேன்" என்றார் ஜன்னல் அம்மா.

சலூன்காரர் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் என்ன சார்?"

"மூடுவீங்களா?"

"பார்த்துட்டேன்னு உங்களுக்கே நீலமாத் தெரியுதே. முன்னாடி மனு கொடுத்தா பார்த்தாங்களா இல்லையான்னு வருஷக்கணக்கில தெரியாது. இப்போ பார்த்துட்டு ஒண்ணும் செய்யலைங்கிறது உடனே தெரிஞ்சுடுது. அலைச்சல் மிச்சம்."

ஃபோன் மறுபடி அதிர்ந்தது. சலூன்காரரின் புகாருக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம்.

"லைக் போட்டிருக்கீங்களே. பள்ளம் பிடிச்சிருக்கா?"

"எங்களுக்கு மூணு குறிதான் அனுமதி. இதயம், சிரிப்பு, அழுகை. அழுகை போட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி. சிரிப்பு போட்டா நீங்க சண்டைக்கு வருவீங்க. அதனால எல்லாத்துக்கும் இதயம்தான். போன வாரம் ஒருத்தர் வீட்டுக் கூரை மேல எங்க தொட்டி விழுந்துடுச்சு. அதுக்கும் இதயம்தான் போட்டேன்." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மாடியில ஊடக அலுவலரைப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. தயவுசெஞ்சு டேக் பண்ணிடாதீங்க" என்றார்.

மாடி அறை முன்பு வால்வுகளும் குழாய் மூட்டுகளும் வைக்கிற கிடங்காக இருந்தது. அவற்றை எல்லாம் எங்கேயோ போட்டுவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் செடியும் ஒரு வட்ட விளக்கும் வைத்திருந்தார்கள். ஊடக அலுவலர் ஃபோனின் முன்பக்கக் கேமராவில் தலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். சகலை கடையில் வெட்டிய தலை என்று சலூன்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இடது காதுக்கு மேல் ஒரு படி இறங்கியிருந்தது.

"உங்க புகாருக்கு எத்தனை லைக்?" என்றார் அலுவலர்.

"உங்க ஆபீஸ் அம்மா ஒண்ணு போட்டாங்க. அப்புறம் என் மனைவி, மச்சினன், சித்தப்பா..."

"உறவுக்காரங்க லைக்கை நாங்க எடுத்துக்கிறதில்ல. அது பாசம்." அலுவலர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். அவர் நல்ல மனநிலையில் இருந்தார். விளக்கினார். "இதோ பாருங்க. முன்னாடி இங்க எப்படி வேலை நடந்துச்சு? யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவங்களுக்கு முதல்ல செய்யணும்னு விதி. ஆனா கஷ்டத்தை எப்படி அளக்கிறது? எல்லாரும் எனக்குத்தான் அதிகம்னு சொல்லுவாங்க. அதனால யாருக்கும் செய்ய மாட்டோம். இப்போ அந்தக் குழப்பமே இல்ல. யார் கஷ்டத்துக்கு லைக் அதிகமோ அது முதல்ல. மக்களே தீர்மானிக்கிறாங்க. எங்களுக்கு மனசாட்சி உறுத்தலே கிடையாது."

"லைக் வாங்குறதுக்கு நான் என்ன செய்யணும்?"

அலுவலர் புகாரில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இருட்டா இருக்கு. ஆழமே தெரியல. மனசைத் தொடல. நல்லா ஒரு படம் எடுத்துப் போடுங்க."

நல்ல படத்துக்குச் சலூன்காரருக்கு ஆள் இருந்தது. மனைவியின் தம்பி கல்யாண வீடியோ எடுக்கிறவன். மீசையும் வயிறும் வைத்த ஆள், இன்னும் மாப்பிள்ளை ஆகாதவன். இவன் எடுத்த மாப்பிள்ளைகள் எல்லாம் சிவப்பாக இருப்பார்கள்.

"விடுங்க மாமா, நான் பார்த்துக்கிறேன்" என்று கேமராவை எடுத்துக்கொண்டு வந்தான். படுத்து எடுத்தான். எதிர் வீட்டு மாடியில் ஏறி எடுத்தான். பள்ளத்தோரம் சலூன்காரரை நிறுத்தி, "கொஞ்சம் தூரமாப் பாருங்க மாமா, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி" என்றான்.

"வாடிக்கையாளரைத்தான்டா எதிர்பார்க்கிறேன்."

"அதே முகம். அப்படியே இருங்க."

எடுத்த படத்துக்கு, பழக்கதோஷத்தில், வரவேற்பு மேடைக்குப் போடுகிற ஃபில்டரைப் போட்டுவிட்டான். காப்பிக் கலர் தண்ணீர் வான நீலமாயிற்று. ஓரத்து மண் பொன்னாக மின்னியது. தண்ணீருக்குள் சலூன்காரரின் நிழல் இருபது வருஷம் இளமையாகத் தெரிந்தது. சலூன்காரருக்கே அங்கே போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போல இருந்தது.

லைக்குகள் கொட்டின. வாரியமும் உடனே பதில் போட்டது: "வாரியத்தின் பராமரிப்பில் மிளிரும் எழில்மிகு நீர்நிலை. தங்கள் பாராட்டுக்கு நன்றி." புகார் என்கிற தலைப்பிலிருந்து அதை எடுத்து, பாராட்டு என்கிற தலைப்பில் சேர்த்து, ஏரிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை மேஸ்திரியும் ஆட்களும் ஓடி வந்தார்கள். சலூன்காரர் மகிழ்ச்சியில் அவர்களுக்கு டீ சொன்னார். அவர்கள் டீ குடித்துவிட்டு, பள்ளத்தின் ஓரத்தில் 'இங்கே நீந்தக் கூடாது' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

"மேஸ்திரி, மண்வெட்டி கையில இருக்கு. மண்ணு பக்கத்துல இருக்கு. அப்படியே தள்ளிட்டுப் போயிடலாமே."

"எங்களுக்கு வந்தது பலகை ஸ்டோரிண்ணே" என்றார் மேஸ்திரி, வருத்தமாகவே.

"ஃபில்டர் இல்லாம எடுத்துத் தொலைடா" என்று மச்சினனிடம் சலூன்காரர் சொன்னார். மச்சினன் கேமராவோடு மறுபடி வந்தான். அன்றுதான் பல் டாக்டர் தாண்டினார்.

எதிர்ச் சாரியில் பல் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் கௌரவமான மனிதர். நீளக்கால். அந்த ஒரு காரணத்தால் பள்ளத்துக்குப் பிறகும் வாடிக்கையை விடாதவர். சலூன்காரர் அவருக்குப் பாதி முகம் சவரம் முடித்து மறு பாதிக்கு நுரை போட்டிருந்தபோது, எதிர்ச் சாரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்: "டாக்டர், ஊசி போட்டுட்டு வந்தீங்களே, அவர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார்."

டாக்டர் மறந்தே போயிருந்தார். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு அப்படியே எழுந்து ஓடி, படியிலிருந்து எம்பினார். துணி இரண்டு பக்கமும் சிறகாக விரிந்தது. நுரை தனியாக ஒரு பக்கம் பறந்தது. முகத்தில் கவலை, காலில் வேகம். மச்சினன் அதை மெதுவாக ஓட விட்டு, மணமேடைக்கு மணப்பெண் நடந்து வரும்போது போடுகிற இசையைப் போட்டு, சலூன்காரரின் பக்கத்தில் ஏற்றினான்.

சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் ஓடிவிட்டது. யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பி, கடைசியில் டாக்டருக்கே அவருடைய மாமியார் அனுப்பிவைத்தார். கமெண்டுகள் குவிந்தன. "இடது பக்கம் இன்னும் இருக்கு டாக்டர்." "இந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது, குடும்பத்தோடு வரலாமா?" "பல் பிடுங்குகிறவரே பயந்து ஓடுகிறார், நாம் எம்மாத்திரம்." வாரியம் இதயம் போட்டிருந்தது.

டாக்டர் மறுநாள் கொதித்துக்கொண்டு வந்தார். "என் தொழில் என்ன, மரியாதை என்ன. இதை எடுக்கச் சொல்லுங்க." சலூன்காரர் மன்னிப்புக் கேட்டார். மச்சினன் எடுக்கிறேன் என்றான். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "எடுக்கணும்னு இல்ல" என்றார். "எவ்வளவு பேர் பார்த்திருக்காங்க?" அந்த வாரக் கடைசியில் அவருடைய புரொஃபைல் படத்தில் சிறகு விரிந்திருந்தது. பல்லைக் காட்ட வந்தவர்கள் முதலில் ஒரு தடவை தாண்டிக் காட்டச் சொன்னார்கள்.

கூட்டம் வர ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் கைகோத்துத் தாண்டினார்கள். சலூன்காரர் இரண்டு நாற்காலியையும் துடைத்து, சீப்புகளைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தாண்டி வந்தவர்கள் கண்ணாடியில் ஒரு தடவை தலையைப் பார்த்துக்கொண்டு திரும்பித் தாண்டிப் போனார்கள். வீடியோவில் விழப் போகிற தலையாயிற்றே. எல்லோரும் வரும் வழியிலேயே மெயின் ரோட்டில் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சகலையின் கடை வாசலில் 'தாண்டும் ஸ்டைல் இங்கே செய்யப்படும்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"உங்க பள்ளத்தால எனக்கு நல்ல கூட்டம்" என்று சகலை ஃபோனில் நன்றி சொன்னார். "அதான் சொல்றேன், வந்துடுங்க. கைக்கு ஆள் பத்தல."

இதில் ஒரு நல்லதும் நடக்காமல் இல்லை. ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு அம்மா அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். எல்லோரும் டாக்டரைப் பார்த்தபோது அவர் பின்னால் இருந்த கடையைப் பார்த்திருக்கிறார். "இந்தக் கடைக்கு எப்படிய்யா ஆள் வரும்" என்று தன் தச்சர் கணவரை நச்சரித்து, ஒரு கனமான பலகையைக் கொடுத்து அனுப்பினார். தச்சர் வந்து பள்ளத்தின் குறுக்கே போட்டு, மேலே நின்று குதித்துப் பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார். அன்று மத்தியானம் வரை சலூன்காரர் வரிசையாகத் தலை வெட்டினார். ரேடியோ போட்டார். சமூக ஊடகத்தால் ஒரு புண்ணியமும் இல்லை என்று யாராவது பேசினால், அந்த ஒரு காலைப்பொழுதைச் சொல்லி அவர் இன்றைக்கும் சண்டைக்குப் போவார்.

மத்தியானம் ஊடக அலுவலர் நேரில் வந்து பலகையை எடுத்துவிட்டார்.

"ஏன் சார்?"

"பள்ளம் ஃப்ரேமில விழல. ஜனங்க தாண்டுறதைப் பார்க்கத்தான் வர்றாங்க, நடக்கிறதைப் பார்க்கவா? காலையிலேருந்து பார்வையாளர் எண்ணிக்கை சரிஞ்சுடுச்சு. நாளைக்குத் தலைவர் இங்கே லைவ் வர்றார். கொஞ்சம் சமூகப் பொறுப்போட நடந்துக்கங்க."

தலைவர் வந்தார். வட்ட விளக்கை ஒருவர் பிடிக்க, ஃபோனை இன்னொருவர் பிடிக்க, பள்ளத்தின் விளிம்பில் நின்று லைவில் பேசினார். "இந்த வாரியம் ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ குழாய் போட்டிருக்கிறோம். ஒன்றுக்கும் இப்படி வரவேற்பு கிடைத்ததில்லை. போடாத குழாய்க்குக் கிடைத்திருக்கிறது. இதிலிருந்து நாங்கள் பாடம் கற்றுக்கொண்டோம். இனி வாரியத்தின் கவனம் முழுவதும் மக்கள் விரும்புகிறவற்றில்தான் இருக்கும். தண்ணீரை யார் விரும்புகிறார்கள்? வந்தால் யாரும் லைக் போடுவதில்லை."

சலூன்காரர் பள்ளத்துக்கு இந்தப் பக்கம், தலைவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். "ஐயா, என் கடை..." என்றார்.

தலைவர் ஃபோனைப் பார்த்தபடியே புன்னகைத்தார். "கேள்விகளைக் கமெண்டில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்."

"இங்கதான் ஐயா நிக்கிறேன்."

"சத்தம் விழுது சார், கொஞ்சம் ஓரமாப் போங்க" என்றார் விளக்குக்காரர்.

சலூன்காரர் ஓரமாகப் போய் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார். அவர் கேள்வி போய் விழுந்தது. அதன்மேல் வாரிய ஊழியர்கள் போட்ட "வணக்கம் ஐயா", "அருமை ஐயா", "நீலச் சட்டை எடுப்பா இருக்கு ஐயா" எல்லாம் விழுந்து, கேள்வி திரைக்கு மேலே ஏறிக் காணாமல் போயிற்று. தலைவர் சட்டைக்குப் பதில் சொன்னார்.

முடிக்கும்போது ஒரு வாக்கெடுப்பை அறிவித்தார். பள்ளத்தை என்ன செய்யலாம்? மூடலாம், மூட வேண்டாம், சுற்றிலும் வண்ண விளக்கு வைக்கலாம். மக்கள் தீர்ப்பே இறுதியானது.

வண்ண விளக்கு ஜெயித்தது, விளக்கு பிறகு வரும் என்றார்கள். அடுத்தது 'மூட வேண்டாம்'. சலூன்காரர் வாரியத்துக்குப் போய் ஜன்னல் அம்மாவிடம் மெசேஜில் முறையிட்டார். ஜன்னல் அம்மா படித்துவிட்டு, இந்தத் தடவை இதயம் போடாமல் வாய் திறந்து பேசினார். "யார் யார் எதுக்குப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியும் சார். மெயின் ரோடு சலூன்காரர் மூட வேண்டாம்னு போட்டிருக்கார்."

"அது என் சகலை. எதிர்பார்த்ததுதான்."

"உங்க வீட்டம்மா விளக்குக்குப் போட்டிருக்காங்க."

சலூன்காரர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டார். "நீயுமா?"

மனைவி மறைக்கவில்லை. "எப்படியும் மூடப் போறதில்ல. விளக்காவது வைக்கட்டுமேன்னு போட்டேன்."

சலூன்காரர் செருப்பைக் கழற்றினார். மேஜைமேல் ஒரு காகிதப் பை இருந்தது. அக்கா வீட்டிலிருந்து வந்திருந்தது. உள்ளே கறுப்பு டீ-ஷர்ட்.

மாதத்தின் கடைசி நாள் சலூன்காரர் அதைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போனார். கத்தரி, சீப்பு, கத்தி எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி, ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். எக்ஸ்எல் சட்டை தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஃபோன் மட்டும் ஓயாமல் சிணுங்கியது. உங்கள் பள்ளத்தை இத்தனை பேர் விரும்புகிறார்கள். உங்கள் பள்ளத்தை அத்தனை பேர் பகிர்ந்தார்கள். உங்கள் பள்ளத்துக்குக் குடிநீர் வாரியம் மீண்டும் இதயம் போட்டிருக்கிறது.

நாற்காலியைத் தூக்க வந்திருந்த மச்சினனிடம் ஃபோனை நீட்டினார். "இந்த வாரியத்து சத்தத்தை நிறுத்துடா முதல்ல."

"மியூட் பண்ணவா, பிளாக் பண்ணவா மாமா?"

"என்ன வித்தியாசம்?"

"மியூட் பண்ணினா அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பிளாக் பண்ணினா அவங்களைப் பொறுத்தவரைக்கும் நீங்களே இல்லாத மாதிரி. உங்க படம், வீடியோ ஒண்ணும் அவங்களுக்குத் தெரியாது."

"இப்பவும் நான் இல்லாத மாதிரிதானே" என்றார் சலூன்காரர். "பிளாக் பண்ணு."

அப்போது வாரியத்தில் நடந்ததை ஜன்னல் அம்மா பிற்பாடு சொன்னார். பெரிய திரையில் பள்ளத்தின் சாதனைகளைத் தலைவருக்குக் காட்ட ஊடக அலுவலர் தயாராக இருந்தார். பொத்தானை அழுத்தினார். 'இந்தப் பதிவு இப்போது இல்லை' என்று வந்தது. அடுத்ததை அழுத்தினார். அதுவும் இல்லை. டாக்டர் இல்லை. நீல ஏரி இல்லை. வாரியம் பகிர்ந்ததெல்லாம் சலூன்காரர் போட்டதைத்தான். சொந்தமாகப் போட்ட ஸ்டோரியும் லைவும் என்றைக்கோ மறைந்துவிட்டன.

"பள்ளம் எங்கே?" என்றார் தலைவர்.

"பள்ளம் இருக்கு சார். பதிவுதான் இல்ல."

"பதிவு இல்லாமல் பள்ளம் எப்படி இருக்கும்?"

அலுவலர் பொத்தானை மறுபடி அழுத்திப் பார்த்தார். வாரியத்தின் பக்கத்தில் பதிவாகாத எந்த வேலையும் அனுமதியில்லாத வேலை என்று சுற்றறிக்கை அனுப்பியவரே தலைவர்தான்.

"அப்படியானால் அது அனுமதியில்லாத பள்ளம்" என்றார் தலைவர். "யார் தோண்டினார்கள்?"

ஜன்னல் அம்மா ஃபோனில் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

"மேலிடத்திலிருந்து யாராவது வந்து பார்த்தால், வாரியமே அனுமதியில்லாமல் ரோட்டைத் தோண்டியதாக ஆகும். உடனே மூடுங்கள். ஃபோட்டோ கூடாது. வீடியோ கூடாது. ஒருத்தர் கையிலும் ஃபோன் இருக்கக் கூடாது."

சலூன்காரர் முதல் நாற்காலியை மச்சினனோடு சேர்ந்து படிவரை தூக்கி வந்திருந்தார். மேஸ்திரியின் ஆட்கள் லாரியிலிருந்து குதித்தார்கள். அந்த வாரியத்தின் ஆட்கள் கேமரா இல்லாமல் வேலை செய்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரும் கேமராவுக்காக நின்று சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோன் பிடிக்கிறவர்கூட மண்வெட்டி பிடித்தார். தண்ணீரை இறைத்து, கல்லைப் போட்டு, மண்ணைக் கொட்டி, திமிசால் இடித்து, நீச்சல் பலகையையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாற்காலியை இறக்கி வைக்காமலே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேஸ்திரி" என்றார் சலூன்காரர் கடைசியில், "குழாயைச் சரி பண்ணிட்டீங்களா?"

"எந்தக் குழாய்ண்ணே?"

"அதுக்குத்தானே தோண்டினீங்க?"

மேஸ்திரி நெற்றியைச் சொறிந்தார். "தோண்டச் சொல்லி வந்துச்சு, தோண்டினோம். எதுக்குன்னு அதுல இல்ல." லாரியில் ஏறிக்கொண்டார்.

நாற்காலி உள்ளே போயிற்று. ரேடியோவின் ஒயர் மறுபடி சொருகப்பட்டது. சலூன்காரர் டீ-ஷர்ட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, கடை ஆணியில் தொங்கிய தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். முதல் ஆளாகப் பல் டாக்டர் நடந்து வந்தார். படிக்கு முன்னால் வந்ததும், இல்லாத பள்ளத்தைச் சும்மா ஒரு எம்பு எம்பித் தாண்டினார். சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "கூட்டம் எல்லாம் போயிடுச்சு போல" என்றார், கொஞ்சம் சோர்வாக.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். காதுக்கு மேலே இறங்கிய படிகளை எல்லாம் சரிசெய்யவே சலூன்காரருக்கு ஒரு வாரம் பிடித்தது. டீ-ஷர்ட்டை மனைவி துவைத்து மடித்து அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். ஒரு கல்யாண வீட்டில் சகலை தோளில் கை போட வந்தபோது, சலூன்காரர் முந்திக்கொண்டு அவர் தோளில் கை போட்டு, "நம்ம கடைதானே, வந்து வெட்டிக்கங்க" என்றார்.

பள்ளம் மூடிய அன்று சாயங்காலம், டாக்டரின் தாடையில் நுரையைத் தடவிவிட்டு, சலூன்காரர் ஒரு நிமிஷம் வெளியே வந்து சமமான ரோட்டைப் படம் எடுத்தார். ஃபில்டர் எதுவும் போடாமல், 'மூடியாச்சு' என்று எழுதிப் போட்டார். கடையைப் பூட்டும் வரை எடுத்து எடுத்துப் பார்த்தார். ஒரே ஒரு லைக் விழுந்திருந்தது. அது அவரே போட்டது.